தோல் வியாபாரி தித் வீட்டுக்குத் திரும்பினார்: சியால்கோட், 1873

1873 ஜூன் மாதம். இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாபின் சியால்கோட்டில் இருந்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் மார்ட்டினிடம் நத்து என்பவர் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் பெயர் தித். முப்பது வயதிருக்கும். குள்ளம், கறுப்பு, ஒரு கால் ஊனம், அதிர்ந்து பேசாத சுபாவம். ஊர் ஊராகப் போய்த் தோல் வாங்கி விற்பது தொழில். நத்து தனக்குத் தெரிந்ததை ஏற்கெனவே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். தித் ஞானஸ்நானம் கேட்டு வந்திருந்தார்.

மார்ட்டின் தயங்கினார். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரைக் கொஞ்ச நாள் மிஷன் காம்பவுண்டில் வைத்துப் படிப்பித்து, நடத்தையைப் பார்த்து, பிறகுதான் தண்ணீரண்டை கொண்டுபோவது அந்தக் காலத்து வழக்கம். தித்துக்கு எழுத்தறிவு கிடையாது. வேதத்தில் அவர் கற்றிருந்தது மார்ட்டின் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஆனாலும் கேட்டதற்கெல்லாம் உண்மையாகப் பதில் சொன்னார். மறுப்பதற்கு வேதத்தில் ஒரு காரணமும் மார்ட்டினுக்கு அகப்படவில்லை. ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்.

அடுத்து தித் சொன்னதுதான் அவருக்கு இன்னும் பெரிய ஆச்சரியம். இப்போதே ஊருக்குப் போகிறேன் என்றார்.

புதிதாக வந்தவரை ஊருக்கு அனுப்பக் கூடாது என்பது அன்று மிஷனரிகள் எல்லாருக்கும் ஏறக்குறைய சட்டம் மாதிரி. அதற்குக் காரணமும் இருந்தது. ஊரில் அடிப்பார்கள், ஒதுக்கிவைப்பார்கள், பழைய வழிக்கே இழுத்துவிடுவார்கள். பத்திரமான இடம் காம்பவுண்டு. அங்கே தோட்ட வேலையோ சமையல் வேலையோ கொடுக்கலாம், ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வருவார். தித் அந்தப் பத்திரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முப்பது மைல் தள்ளி மிராலிப் பக்கம் இருந்த தன் கிராமத்துக்குத் திரும்பினார். இன்றைய கணக்கில் 48 கிலோமீட்டர்.

இந்த நிகழ்வை நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதே இந்த ஒரு முடிவுக்காகத்தான்.

இந்த மிஷனுடைய கதை 18 வருஷம் முன்பு, 1855-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் அசோசியேட் பிரஸ்பிட்டேரியன் சபையார் (1858-இல் வட அமெரிக்க யுனைட்டட் பிரஸ்பிட்டேரியன் சபையோடு இணைந்தவர்கள்) அனுப்பிய ஆண்ட்ரூ கார்டன் அந்த வருஷம்தான் சியால்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். இரண்டே வருஷத்தில் 1857 கலவரம் வெடித்தது. ஸ்காட்லாந்து சபையின் மிஷனரி தாமஸ் ஹன்டரும் அவர் மனைவியும் குழந்தையும் அந்த ஜூலையில் இதே சியால்கோட்டில் கொல்லப்பட்டார்கள். கலவரம் அடங்கியபின் மிஷன் மறுபடி பாடுபட்டது. பள்ளிக்கூடம் நடத்தினார்கள், கடைத்தெருவில் பிரசங்கம் பண்ணினார்கள், மேல்சாதி இந்துக்களிடமும் முஸ்லிம்களிடமும் தர்க்கம் செய்தார்கள். மேலே இருப்பவர்கள் வந்தால் கீழே இருப்பவர்கள் தன்னால் பின்தொடர்வார்கள் என்பதுதான் மனக்கணக்கு. அத்தனை உழைப்புக்கும் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தித் பிறந்தது சூஹ்ரா என்று அழைக்கப்பட்ட சமூகத்தில். அந்தப் பெயர் இன்றும் பாகிஸ்தானில் வசைச்சொல்லாகப் புழங்குகிறது. வரலாற்றுக்காக மட்டுமே இங்கே எழுதுகிறேன். 1881 கணக்கெடுப்பில் பஞ்சாப் முழுவதும் அவர்கள் பத்து லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். தெருக்கூட்டுவது, சாணி அள்ளுவது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, ஜாட் நிலக்காரர்களின் வயலில் கூலி வேலை செய்வது, இவைதான் வாழ்க்கை. கூலி பெரும்பாலும் அறுவடையில் கிடைக்கும் தானியப் பங்கு. குடியிருப்பு ஊருக்கு வெளியே. கோவிலிலும் இடமில்லை, மசூதியிலும் இடமில்லை. பாலா ஷா என்ற தங்கள் பெரியவரின் பெயரில் மண்மேடு ஒன்று கட்டி, அதன் மாடத்தில் விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். மேலே ஒரு கடவுள் உண்டு என்பது வாய்மொழியாக அவர்கள் பாடிவந்த பாட்டுகளிலேயே இருந்தது.

மிஷனரிகள் இவர்களைத் தேடிப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் தினமும் இவர்களைத் தாண்டித்தான் போனார்கள் என்று தோன்றுகிறது.

தித் ஊருக்குத் திரும்பியபின் நடந்தது நமக்குத் தெரிவது கார்டன் 1886-இல் வெளியிட்ட மிஷன் வரலாற்றின் வழியாக. அது அமெரிக்காவில் காணிக்கை போடுகிறவர்கள் வாசிப்பதற்கு எழுதியது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் இந்த இடத்தில் அவர் பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மிஷன் திட்டமிடாமல் நடந்த ஒன்றை எழுதுகிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது.

சொந்தக்காரர்கள் கூடிவந்து கேலி பண்ணினார்கள். துரை ஆகிவிட்டாயோ, பாதிரி ஆகிவிட்டாயோ என்றார்கள். அண்ணன் தம்பி வீட்டுப் பெண் ஒருத்தி, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் மதம் மாறிவிட்டாய், இனி உனக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை, சேர்ந்து சாப்பிடுவதுமில்லை, ஒரு கால் முன்னமே ஒடிந்துவிட்டது, மற்றதும் ஒடியட்டும் என்று சபித்தாள். நம் ஊர்த் தெருவில் கேட்ட மாதிரியே இருக்கிறது. சாபம் கடுமையானதுதான், ஆனால் அதற்குள் ஒரு பாத்தியதை இருக்கிறது. எங்களிடம் கேட்டிருக்க வேண்டாமா என்ற கோபம், தன் ஆள் என்று நினைக்கிறவரிடம்தான் வரும். காம்பவுண்டில் போய் உட்கார்ந்த ஒருவருக்கு இந்தச் சாபம்கூடக் கிடைத்திராது. அவரைச் செத்தவராக எண்ணிவிட்டிருப்பார்கள்.

தித் பதிலுக்குச் சண்டை போடவில்லை. வீட்டிலேயே இருந்தார். தோல் வாங்கப் போனார். சொன்னார்.

ஆகஸ்டில் மறுபடி சியால்கோட்டுக்கு வந்தார், இந்த முறை தனியாக அல்ல. மனைவி, மகள், அக்கம்பக்கத்தார் இரண்டு பேர். பஞ்சாபின் ஆகஸ்டு மழையும் புழுக்கமும் சேர்ந்த மாதம். அந்தச் சேற்றில், கால் ஊனமான ஒருவர் பெண்களையும் அழைத்துக்கொண்டு முப்பது மைல் நடந்து வருவது சின்னக் காரியமல்ல. தனக்குத் தெரிந்தவற்றை எல்லாம் அவர்களுக்கு அவரே கற்பித்திருந்தார். மார்ட்டின் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டுப் பார்த்தார், திருப்தியானார், ஞானஸ்நானம் கொடுத்தார். ஐந்து பேரும் உடனே ஊருக்குத் திரும்பி நடந்தார்கள். 1874 பிப்ரவரியில் தித் இன்னும் நான்கு ஆண்களைக் கூட்டிவந்தார்.

அதன்பிறகு நடந்ததை எண்ணிக்கையாகச் சொல்லிவிடலாம். தித் ஞானஸ்நானம் பெற்ற பதினோராவது ஆண்டில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் சபையில் சேர்ந்தார்கள். 1900-க்குள் சியால்கோட் மாவட்டத்தில் அந்தச் சமூகத்தாரில் பாதிக்கு மேல். 1915 வாக்கில் சில நூறு பேர் தவிர ஏறத்தாழ எல்லாரும். 1881-இல் பஞ்சாப் முழுவதும் சுமார் 4,000 இந்தியக் கிறிஸ்தவர்கள் இருந்த இடத்தில், 1931 கணக்கெடுப்பில் நான்கு லட்சத்தை நெருங்கிவிட்டார்கள். ஸ்காட்லாந்து சபை, ஆங்கிலிக்கன் சபை, மெத்தடிஸ்டுகள், ரட்சணிய சேனை, கத்தோலிக்கர் என்று எல்லாருமே பிறகு இந்த அலையில் இறங்கினார்கள். அத்தனைக்கும் தித் ஒருவரே காரணம் என்று சொன்னால் அது கதைக்கு அழகாக இருக்கும், உண்மைக்கு ஒத்துவராது. சமூகம் தயாராக இருந்தது, தித் தொடக்கம்.

ஏன் இவர் சொன்னது மட்டும் எடுபட்டது?

முதலில் தொழிலைப் பார்க்க வேண்டும். வயலில் கூலி செய்த சூஹ்ரா ஒருவர் நிலக்காரரை விட்டு நகர முடியாது. தோல் வாங்குகிறவர் நகர்ந்தே ஆக வேண்டும். இந்த ஊரில் எருமை செத்ததா, அந்த ஊரில் காளை செத்ததா என்று விசாரித்துக்கொண்டே ஒவ்வொரு கிராமத்துச் சேரிக்கும் போவார். விலை பேசி முடியும் வரைக்கும் உட்காருவார், ஹுக்கா சுற்றிவரும், பேச்சு நீளும். போகிற வீடெல்லாம் ஒன்று உறவு, இல்லையென்றால் வாடிக்கை. ஒரு பிரசங்கியார் ஊருக்குள் வந்தால் ஏன் வந்தார் என்று கேட்பார்கள். தித் ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, தோலுக்குத்தான் வந்தார். அந்தச் சமூகத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த பழைய பாதை அது. அவர் புதிதாக ஒரு பாதையும் போடவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிறிஸ்தவராகிறவர்கள் செத்த மாட்டு இறைச்சி தின்பதை விட்டுவிட வேண்டும் என்று மிஷனரிகள் கட்டாயப்படுத்தினார்கள். அந்தச் செத்த மாட்டின் தோல்தான் சுவிசேஷத்தை ஊர் ஊராகச் சுமந்துபோனது.

அடுத்தது, சாட்சியின் அளவு. தித்துக்குத் தெரிந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சம், கேட்கிறவர் வாயிலும் அடங்கிற அளவு. அவரிடம் கேட்டவர் மறுநாள் இன்னொருவருக்குச் சொல்ல முடியும். பள்ளிக்கூடம் படித்த பிரசங்கியார் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டலாம். திருப்பிச் சொல்ல அவரே வர வேண்டும். போதனை பின்னால் வந்தது, அதுவும் எழுத்தைவிடப் பாட்டாகத்தான் அதிகம் வந்தது. இமாமுத்தீன் ஷாபாஸ் என்ற போதகர் சங்கீதங்களைப் பஞ்சாபிப் பாட்டாக மாற்றினார். 1908-இல் 150 சங்கீதங்களும் உள்ளூர் மெட்டில் வெளிவந்தன. எழுத்துக் கூட்டத் தெரியாத ஜனங்கள் சங்கீதங்களை மனப்பாடமாகப் பாடினார்கள். பாகிஸ்தான் சபைகளில் இன்றும் அவை பாடப்படுகின்றன.

மூன்றாவது, வீட்டார். முதலில் வந்தது மனைவியும் மகளும். இதைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறோம். ஒரு மனிதன் மாறியிருக்கிறானா இல்லையா என்பதைச் சரியாகச் சொல்லக்கூடியவள் வீட்டுக்காரி. அவள் இரண்டு மாதம் பார்த்துவிட்டு, முப்பது மைல் நடக்கச் சம்மதித்திருக்கிறாள் என்றால், பக்கத்து வீட்டாருக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை.

இனி ஆட்சேபங்கள். அன்றே எழுந்தவை, நியாயமும் உள்ளவை.

இத்தனை பேர் வந்தது விசுவாசத்தினாலா, மரியாதைக்காகவா, சாப்பாட்டுக்காகவா? மிஷனரிகளுக்குள்ளேயே இந்த வாதம் நடந்தது. கீழ்ச்சாதியார் கூட்டமாக வந்து சேர்ந்தால் மேல்சாதியாருக்கு வாசல் அடைபட்டுவிடுமே என்று கவலைப்பட்டவர்களும் உண்டு. என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன்: நீ மனிதன், உன் பெயரைத் தேவன் அறிந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒருவர் நிமிர்ந்தார் என்றால், அதை மரியாதைக்காக வந்தார் என்று ஒதுக்கித் தள்ளுவது, மரியாதை ஏற்கெனவே கைவசம் இருக்கிறவர்கள் பேசுகிற பேச்சு. அதேநேரம் சாப்பாட்டுக் கணக்கைப் பொறுத்தவரை முதல் வருஷங்களில் லாபம் ஒன்றுமில்லை. ஜாட் நிலக்காரர்கள் வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள், அடித்தார்கள், பொய் வழக்குப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மாட்டேன் என்று ஒரு கூலிக்காரர் சொன்னால் அறுவடைக் காலத்தில் என்ன நடக்கும் என்று கிராமத்தில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தித் காம்பவுண்டு வேண்டாம் என்றதால் மிஷன் சோறும் அவருக்கு இல்லை.

சிக்கல் வந்தது பிற்பாடு. ஆட்கள் ஆயிரக்கணக்கில் பெருகியதும், மிஷன் சம்பளத்துக்கு உபதேசியார்களை வைத்தது. வைத்தே ஆக வேண்டியிருந்தது. ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போதிக்காமல் விட முடியாது. ஆனால் சம்பளம் வாங்குகிறவர் ஒருவர் இருக்கும்போது, சொல்வது அவர் வேலை என்று மற்றவர்கள் விட்டுவிடுவது எந்த ஊரிலும் நடக்கிறதுதான். பிறகு கால்வாய்ப் பாசனம் வந்தபோது, செனாப் பக்கத்துப் புதுக் குடியேற்றங்களில் கிறிஸ்தவக் கிராமங்கள் எழுந்தன. அவற்றில் மார்ட்டின்பூருக்கு அந்தப் பழைய மார்ட்டினின் பெயர்தான். அங்கே நிலம் கிடைத்தவர்கள் தலைநிமிர்ந்து விவசாயி ஆனார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்று பாகிஸ்தானில் 33 லட்சம் கிறிஸ்தவர்கள். பெரும்பகுதி இந்த வம்சவழியினர். துப்புரவு வேலைக்கு முஸ்லிமல்லாதவர் மட்டும் விண்ணப்பிக்கவும் என்று அங்கே அரசு விளம்பரங்கள் வந்து, அதை எதிர்த்துப் போராடியதும் சமீப காலத்துச் செய்தி. மதம் மாறியது, கையில் இருந்த துடைப்பத்தை ஊர் வாங்கிக்கொள்ளவில்லை. இந்த நிகழ்வை வெற்றிக் கதையாக மட்டும் பிரசங்கத்தில் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

1930-களின் தொடக்கத்தில், இப்படிக் கூட்டமாக வந்த இயக்கங்களை ஆராயச் சொல்லி இந்தியாவின் தேசிய கிறிஸ்தவ ஆலோசனைக் கழகம் வாஸ்கம் பிக்கெட் என்ற மெத்தடிஸ்டு மிஷனரியிடம் பொறுப்பு கொடுத்தது. 1933-இல் வந்த அவர் அறிக்கை வழியாகத்தான் தித்தின் கதை உலகம் சுற்றியது. அந்தக் கழகத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் நம் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவருடைய தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்திலும், தெலுங்கு நாட்டில் தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா மக்கள் நடுவில் இதே மாதிரி அலைதான். அங்கே அசரியா ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைக்கச் சொல்வார். நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று தன்பின்னால் சொல்லச் சொல்வார். படிக்காத விவசாயக் கூலிகள், ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட அதே தலைமேல் கையை வைத்துக்கொண்டு பவுலின் வார்த்தையைச் சொன்னார்கள். தித் தானாகச் செய்ததை அசரியா முறையாக்கினார் என்று சொல்லலாம்.

இன்னும் பின்னால் போனால் நமக்கே ஒரு தித் உண்டு. கன்னியாகுமரிப் பக்கம் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பினார். அவரும் தஞ்சாவூரிலேயே தங்கிவிடவில்லை. மயிலாடிக்கு வந்து உறவினருக்குச் சொன்னார். மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் தெற்குத் திருவிதாங்கூருக்கு வந்தபோது, அங்கே அவருக்காக ஒரு சிறு கூட்டம் காத்திருந்தது. மிஷனரி வந்து சபை உண்டானதாக ஆண்டுவிழா மலர்களில் எழுதுகிறோம். வரிசை நேர்மாறு.

எங்கள் சபையில் மாதம் ஒரு ஞாயிறு கைப்பிரதி ஊழியம் உண்டு. நானும் போயிருக்கிறேன். ஒருமுறை டீக்கடைக்காரர் நான் கொடுத்த கைப்பிரதியை மரியாதையாக வாங்கி, என் கண்முன்னாலேயே வடைக்கு மடித்துக் கொடுத்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு: ஊழியத்துக்கு எந்தத் தெரு என்று முடிவு பண்ணும்போது, நாங்கள் பன்னிரண்டு பேரும் எங்களை யாருக்கும் தெரியாத தெருவையே தேர்ந்தெடுத்திருந்தோம். எங்கள் கடைக்குப் பாக்கி வைத்தவர், எங்களோடு அலுவலகத்தில் சண்டை போட்டவர், எங்கள் வீட்டு வேலைக்காரம்மா, இவர்களில் ஒருவர்கூட அந்தத் தெருவில் இல்லை. தித் போன எல்லா வீட்டிலும் அவர் எடை போட்ட தராசை அறிந்தவர்கள் இருந்தார்கள்.

மறுபடி நத்துவிடம் வருகிறேன். அவர் ஒரு லம்பர்தாரின் மகன். நம் பக்கத்து மணியக்காரர் மாதிரியான பதவி, அதற்கு வாரிசு. அவர் 1872-இல் ஞானஸ்நானம் பெற்றபோது மிஷனுக்குப் பெரிய சந்தோஷம். ஜாட் சாதிக்குள் வாசல் திறந்துவிட்டது என்று நினைத்தார்கள். திறக்கவில்லை. அவர் பின்னால் ஜாட்டுகள் யாரும் திரண்டு வரவில்லை. நத்துவும் எதிர்பார்த்தபடி நிற்கவில்லை. கார்டன் அவரைப் பலவீனமான சகோதரன் என்றே எழுதிவைத்தார். நிலக்காரர் வீட்டுப் பிள்ளை, சேரியிலிருந்து வந்த தோல் வியாபாரியோடு உட்கார்ந்து இயேசுவைப் பற்றிப் பேசினார், பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு சியால்கோட் வரை போனார். மிஷன் அவரிடம் எதிர்பார்த்த வேலைகளில் இது இல்லை. கார்டனின் அதே புத்தகத்தில், தித்தை மார்ட்டினிடம் அழைத்துவந்தவர் யார் என்ற இடத்திலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது.